தாவ்ரி அனுப்பிய பாடம்

தாவ்ரிக்கு வாசிக்கத் தெரியாது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்தத் தையல் தொழிற்சாலையில் வாசிக்கத் தெரியாத பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் வாசிப்பு வகுப்பில் முதல் ஆள் என்று பெயர் வாங்கியவளும் அதே தாவ்ரிதான். இந்த இரண்டும் ஒரே பெண்ணிடம் எப்படி ஒட்டிக்கொண்டன என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். அவள் யாரையும் ஏமாற்றக் கிளம்பியவள் இல்லை. பின்னால் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள், பேசட்டும்.

வகுப்பு தொடங்கியபோது காகிதம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் கிம்லெங் டீச்சர் ஒரு கட்டு ஜெராக்ஸ் தாளோடு வந்து நிற்பாள். சின்ன வயசுதான், வாய்க்கு வாய் 'அக்கா' போட்டுப் பேசுவாள். தாளின் மேல் விரலை வைத்து வாசிக்க வேண்டும். விரல் எங்கே நிற்கிறது, எங்கே தாண்டிக் குதிக்கிறது என்று பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அவளிடம் தப்ப முடியாது. தாவ்ரியின் விரல் பாதி நேரம் வைத்த இடத்திலேயே நிற்கும். "அவசரமில்லக்கா, அந்த எழுத்து எங்கயும் ஓடிப் போகாது" என்பாள் டீச்சர்.

எங்கள் கெமர் மொழியின் எழுத்துக்குக் கால் உண்டு. ஒரு மெய்யெழுத்தின் அடியில் இன்னொன்று காலாகத் தொங்கும். முப்பத்தெட்டு வயதில், இயந்திரத்தின் முன் குனிந்து குனிந்து முதுகு போன பிறகு, மேலே இருக்கிற எழுத்துகளை ஒருவழியாகப் பிடித்துவிட்டாள் தாவ்ரி. கால் பாடம் தொடங்கிய வாரத்தில் காகிதம் நின்றுபோனது.

நிறுத்தியதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வகுப்பை நடத்திய தொண்டு அமைப்பின் பெரியவர்கள் கூடி யோசித்தார்கள். தாள் என்றால் மரம். கொடுத்த தாளில் பாதியை இந்தப் பெண்கள் காய்ந்த மீன் மடிக்கத்தான் வைத்துக்கொண்டார்கள், அதுவும் உண்மை. வாசலில் பையைச் சோதிக்கும் காவல்காரன், எழுத்துள்ள தாளைக் கண்டாலே தொழிற்சங்க நோட்டீஸ் என்று பிடுங்கிக்கொண்டான். எல்லோர் கையிலும்தான் போன் இருக்கிறதே, பாடத்தை டெலிகிராமில் அனுப்பினால் என்ன? மரமும் பிழைக்கும், நாளைக்கு அமைப்பு மூட்டை கட்டிக்கொண்டு போனாலும் வகுப்பு தானாக ஓடும். யோசனை நன்றாகத்தான் இருந்தது. கெட்ட யோசனையாக இருந்திருந்தால் யாராவது சண்டை போட்டிருப்பார்கள்.

எங்கள் ஆட்களுக்குப் போனில் எழுத்தைத் தட்டுவதென்றால் எரிச்சல். அத்தனை எழுத்து, அத்தனை கால். ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். அதனால் டுக்டுக் ஆட்டோ ஓட்டுகிறவனிலிருந்து பெரிய வீட்டு அம்மாள் வரைக்கும் பொத்தானை அழுத்திப் பேசி அனுப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். வாசிப்பு வகுப்பும் அதே வழியில் போனது. சாயங்காலம் டீச்சர் குழுவில் நாலு வரி எழுதிப் போடுவாள். வேலை முடிந்து அறைக்கு வந்த பெண்கள் அதை வாசித்துக் குரலாக அனுப்புவார்கள். டீச்சர் கேட்டுவிட்டுக் குரலிலேயே பதில் சொல்வாள்.

ஏழாம் வரிசையில் சட்டைக்குக் கை தைக்கிற தாவ்ரிக்கு ஓவர்டைம் அதிகம். அவள் போனைத் திறக்கும்போது மற்றவர்கள் எல்லோரும் அனுப்பி முடித்திருப்பார்கள். கீறல் விழுந்த சின்னத் திரையில் கால்களெல்லாம் தூசியாகத்தான் தெரிந்தன. முதல் நாள் என்ன செய்வதென்று தெரியாமல், மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க அவர்கள் குரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டாள். ஒரே அறையில் கூடத் தங்கியிருக்கும் பல்லா திக்கித் திக்கி வாசித்திருந்தாள். கிழவி சொபோர்ன் இருமிக்கொண்டே வாசித்திருந்தாள். ஐந்தாறு பேர் சொல்லிக் கேட்டதும் பாடம் தாவ்ரியின் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது. பொத்தானை அழுத்தி, அவளும் சொன்னாள்.

அவளுக்கு அது தப்பாகவே படவில்லை. விகாரையில் இப்படித்தானே? பிக்கு ஒரு அடி பாலி மொழியில் சொல்வார், உட்கார்ந்திருக்கிற எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள். எந்த நோன்பு நாளைக்கு எந்த ஓதல் என்று தாவ்ரிக்கு அத்தனையும் மனப்பாடம். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. சொல்லக் கேட்டுத் திருப்பிச் சொல்வதற்குப் பெயர்தான் படிப்பு என்று அவளுக்குப் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

கிம்லெங் டீச்சரின் பதில் வந்தது. "தாவ்ரி அக்கா, எங்கயும் திக்கல, திணறல. அப்படியே தண்ணி மாதிரி ஓடுது. எல்லாரும் அக்கா குரல ஒரு தரம் கேளுங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பிறந்ததிலிருந்து யாரும் அவளை எதிலும் முதல் என்று சொன்னதில்லை. ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். அந்த ஒரு நாள்தான் அப்படியே வளர்ந்துகொண்டு போனது.

அறையில் பல்லாவின் வாயை அடக்க முடியவில்லை. "நாங்க எழுத்துக் கூட்டிக் கூட்டி நாக்கு வீங்கிக் கெடக்கோம். நீ ஓவர்டைம் பாத்துட்டு வந்து படுத்துக்கிட்டே பாடத்த ஒப்பிக்கிற. ஆபீஸ்ல நாற்காலி போட்டு உக்கார வைக்க வேண்டியவடி நீ."

"கண்ணு எரியுது. தூங்க விடு."

"இந்த மாத்திரைல என்ன போட்டிருக்கு, அதை மட்டும் சொல்லிட்டுத் தூங்கு. சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா?"

"நீயே வாசி. வாசிக்க வாசிக்கத்தான் வரும்."

"பாத்தியா, டீச்சர் ஆயிட்டா இப்பவே" என்று சிரித்துக்கொண்டே பல்லா விளக்கடியில் அட்டையைப் பிடித்து எழுத்துக் கூட்டினாள். கொஞ்ச நேரம் முக்கினாள், முனகினாள். பிறகு, "பிந்தி" என்றாள். வாசித்துவிட்டாள். தாவ்ரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வகுப்பில் சேர்ந்ததே மகளுக்காகத்தான். சோரியாவுக்குப் பதினாறு வயது. சொந்த மாகாணத்தில் தாவ்ரியின் தங்கை வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போகிறாள். தங்கை வீடு ஒரே அறை. அங்கிருந்து போனில் பேசினால் சித்தி, சித்தப்பா, பக்கத்து வீட்டுக் கோழி எல்லாம் கேட்கும். மகள் ஏதோ சொல்ல வாயெடுப்பாள், பிறகு "ஒண்ணுமில்லம்மா" என்பாள். இந்த 'ஒண்ணுமில்ல' தாவ்ரியை அரித்துக்கொண்டே இருந்தது. எழுத்து தெரிந்தால் அந்தப் பெண் மனதில் இருப்பதை எழுதி அனுப்பும், நாம் வாசித்துக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டாள். சோரியாவின் அப்பன் எல்லைக்கு அந்தப் பக்கம் மீன்பிடிப் படகு வேலைக்கென்று வேனில் ஏறிப் போனவன், போனவன் போனவன்தான். இருந்த ஒரு பிள்ளையைக் கண்ணில் வைத்துப் பார்க்கத் தாவ்ரிக்கு இருந்தது அந்தப் போன் ஒன்றுதான்.

அமைப்பின் விருந்தாளிகள் ஒரு நாள் வந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் பலூன் கட்டினார்கள். தாவ்ரியை முன்னால் நிறுத்தி, போனைக் கையில் கொடுத்து, முந்தின நாள் பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். அவள் திரையைப் பார்த்துக்கொண்டு நெல் வயல் நண்டு பற்றிய பாடத்தை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். கைதட்டினார்கள். படம் பிடித்தார்கள். ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல் நடக்கிற வகுப்பு என்று வெளிநாட்டு அம்மாள் பேசினாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அமைப்பின் வேலை அடுத்த மாதம் இங்கே முடிகிறது என்றும், வகுப்பை இனிமேல் பெண்களே நடத்துவார்கள் என்றும், தலைமை ஏற்பது தாவ்ரி என்றும் அங்கேயே அறிவித்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் டீச்சரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள் தாவ்ரி.

"டீச்சர், எனக்கு இது வேணாம். எனக்கு அவ்வளவா வராது."

"யாருக்கு, உங்களுக்கா வராது?"

"நெசமாத்தான் சொல்றேன். கால் வர்ற எழுத்தெல்லாம் எனக்கு… நான் வந்து மத்தவங்க சொல்றதக் கேட்டு…"

"மத்தவங்களக் கேட்டுத் திருத்திக்கிறீங்க. அதைத்தானக்கா நான் எல்லார்கிட்டயும் தலையால தண்ணி குடிச்சுச் சொல்றேன்." கிம்லெங் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பார்த்தால் அவள் கண் கலங்கியிருந்தது. "அக்கா, உங்க ஒருத்தரக் காட்டித்தான் இந்த வகுப்ப நிறுத்தாம வச்சிருக்கேன். நீங்களும் மாட்டேன்னா இதோட எல்லாத்தையும் மூடிருவாங்க. பல்லா அக்கா, சொபோர்ன் பாட்டி எல்லாம் நடுவுல நின்னுருவாங்க. பயப்படாதீங்க, நாலு மாசத்துக்குப் பாடம் எழுதி உங்களுக்கு அனுப்பி வச்சிடுறேன். நீங்க ஒண்ணொண்ணா எடுத்துக் குழுவுல போட்டாப் போதும்."

எப்படி எடுத்துப் போடுவது என்று அன்றே கற்றுக்கொண்டாள். பாடத்தை அழுத்திப் பிடித்தால் நகலெடுக்கும் குறியாக இரண்டு சதுரம் வரும், அதைத் தொட வேண்டும். குழுவுக்குப் போய் அடியில் அழுத்தினால் பாடம் வந்து விழும். வாசிக்கத் தேவையே இல்லை. அந்த வாரமே பாடம் போடுகிற வேலை அவள் கைக்கு வந்துவிட்டது.

விருந்தாளிகள் எடுத்த படம் எங்கெங்கோ சுற்றி ஊருக்கும் போயிருக்கிறது. சோரியா போனில் கூப்பிட்டாள். "அம்மா, நீ வாசிக்கிற. நான் பாத்தேன். என் பள்ளிக்கூடத்துல எல்லார்ட்டயும் காட்டினேன். அப்ப நான் எழுதலாமா? எழுதினா படிப்பியா?"

மகள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை எத்தனையோ காலத்துக்குப் பிறகு கேட்டாள் தாவ்ரி. "எழுது. அதுக்குத்தானே படிச்சேன்" என்றாள். அதில் பாதி உண்மை.

அதற்குப் பிறகு மகளிடமிருந்து எழுத்து வரத் தொடங்கியது. ஒரு வரி, இரண்டு வரி, ஓரத்தில் பூ, பூனை. 'சாப்டியா' என்பதைத் தாவ்ரி வடிவத்தை வைத்தே அடையாளம் கண்டுகொண்டாள். மற்றவற்றுக்குச் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பிவைப்பாள். முயற்சி செய்யாமல் இல்லை. கழிப்பறையில் உட்கார்ந்துகொண்டு எழுத்து எழுத்தாகப் பார்ப்பாள். 'க' தெரியும், 'ம' தெரியும். அடியில் கால் வந்ததும் எல்லாம் குழம்பிப்போய்விடும். யாரிடமாவது கேட்கலாம் என்றால், யாரிடம்? இப்போது கேட்கிறவர்கள் எல்லோரும் அவளிடம்தான் வந்து கேட்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்து லாரியில் நின்றுகொண்டு வரும்போது போன் அதிர்ந்தது. சோரியாதான். ஆனால் இந்தத் தடவை ஒரு வரி இல்லை. திரை முழுக்க எழுத்து. விரலால் தள்ளினால் இன்னும் கீழே போய்க்கொண்டே இருந்தது. பூ இல்லை, பூனை இல்லை.

அறைக்கு வந்தாள். பல்லா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். 'பல்லா, இதைக் கொஞ்சம் வாசி' என்று சொன்னால் முடிந்தது விஷயம். நாலு சொல்தான். தாவ்ரி போனை நீட்டக்கூடச் செய்தாள்.

"என்னடி, பாடமா? இன்னைக்கு வேணாம் தாயே, எனக்குத் தல வலிக்குது" என்று பல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இன்னொண்ணு சொல்லணும். ஏழாம் வரிசையில எல்லாரும் என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? உன்னால எங்களுக்கும் ஒரு கௌரவம்னு. சூப்பர்வைசரே உன் பேர் சொல்லி விசாரிச்சான்."

நீட்டிய கை தானாக மடங்கிவிட்டது. தாவ்ரி வெளியே போய், துணி காயப்போடும் கம்பியடியில் நின்று மகளைக் கூப்பிட்டாள்.

சோரியா உடனே எடுத்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். சித்தி பக்கத்திலேயே இருக்கிறாள் போலிருக்கிறது.

"படிச்சியாம்மா?"

"ம்."

"முழுசா?"

நேராகக் கேட்டுவிடலாம் என்றுதான் கூப்பிட்டாள். 'வாயால சொல்லுடி, எனக்குக் கண்ணு தெரியல' என்று ஒரு பொய்கூடத் தயாராக இருந்தது. ஆனால் அந்தப் பெண் 'முழுசா' என்று கேட்ட விதத்தில் ஒரு நடுக்கம் இருந்தது. இவ்வளவு தூரம் மனதைத் திறந்து எழுதியிருக்கிறாள், அம்மா பார்ப்பாள் என்று நம்பி எழுதியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் காட்டியிருக்கிறாள்.

"முழுசாத்தான்" என்றாள் தாவ்ரி.

"கோவமா?"

"கோவம் எதுக்கு?"

"நெசமாவா? அப்ப சரிங்கிறியா?"

பண்டிகைக்குப் பாவாடை கேட்டிருப்பாள், இல்லை சிநேகிதிகளோடு எங்காவது போகக் கேட்டிருப்பாள் என்று தாவ்ரி நினைத்தாள். நினைத்தாள் என்பதைவிட அப்படி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். "நீ எழுதினபடியே செய். உனக்கு நல்லது கெட்டது தெரியும்" என்றாள்.

"சரிம்மா" என்றது குரல். சின்னதாகக் கேட்டது. அதில் சந்தோஷம் இருந்ததா என்று அப்புறம் எத்தனை தடவை யோசித்துப் பார்த்தாலும் தாவ்ரிக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் ஞாயிறு. பல்லா சந்தைக்குப் போய்விட்டாள். தாவ்ரி வாளியில் துணியை ஊறவைத்துக்கொண்டிருக்கும்போது மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. படத்தை வாசிக்க யார் தயவும் வேண்டாம். மடியில் ஒரு பை, பையைப் பிடித்த இரண்டு கை, வேன் சன்னல், சன்னலுக்கு வெளியே அடையாளம் தெரியாத சாலை. கை சோரியாவின் கை.

சோப்பு நுரையோடு அப்படியே கூப்பிட்டாள். போகவில்லை. மறுபடி கூப்பிட்டாள், அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று பதிவுக் குரல் சொன்னது. தங்கையைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நானே உனக்குப் போடலாம்னு இருந்தேன்" என்று தங்கை எடுத்ததும் ஆரம்பித்தாள். "விடியும் முன்ன பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பறா. எங்கடி போறன்னு கேட்டா, அம்மாகிட்ட எழுதிக் கேட்டுட்டேன், அம்மா சரின்னுட்டாங்கிறா. ஏன்க்கா, என் வீட்ல வச்சு வளக்குறேன், என்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"

"எங்க போறேன்னு சொன்னா?"

"அதான் எல்லாம் எழுதியிருக்காளாமே. எனக்கென்ன எழுத்தா தெரியும்? படிச்சவ நீ. நீ சொல்லு, என்னதான் எழுதியிருக்கா?"

தாவ்ரி போனை வைத்துவிட்டாள். எழுத்தைத் திறந்து பார்த்தாள். 'அம்மா' தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே தெரியவில்லை. பக்கத்து அறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. விடுமுறை நாளில் யார் இருப்பார்கள்? அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். எழுத்தை அழுத்திப் பிடித்தாள். சதுரத்தைத் தொட்டாள். குழுவுக்குப் போய் அடியில் அழுத்தினாள். சோரியா எழுதியது பாடமாகப் போய் விழுந்தது.

முதலில் பல்லாவின் குரல் வந்தது. பின்னால் மீன்காரிகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமையுமா பாடம் போடுவ, பாவி? சரி இரு. அம்… மா. இதப்… படி… படிக்கும்போது… கோ… கோவப்… படாத. நான்… பள்ளிக்… கூடத்த… விட்… விட்டுட்… டேன். போன… மாசமே… நிறுத்… நிறுத்திட்டேன். சித்… திக்கு… தெரியாது. இது என்னடி இவ்வளவு நீளம்? எல்… எல்லைக்கு… அந்தப்… பக்கம்… வேலைக்கு… இருடி, மீன எடுத்து வைக்கிறா, வாங்கிட்டு வர்றேன்." அத்தோடு முடிந்தது.

தாவ்ரி வாளிப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்தது சொபோர்ன் கிழவி. இருமினாள், தொண்டையைச் செருமினாள், முதல் எழுத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். தாவ்ரிக்கு அந்தக் குரலை உலுக்க வேண்டும்போல் இருந்தது. கிழவி ஒரு எழுத்தையும் விடவில்லை. டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி காலைப் பார்த்து, தலையைப் பார்த்து, நிதானமாகப் போனாள்.

"எல்லைக்கு… அந்தப் பக்கம்… வேலைக்கு… ஆள்… எடுக்கி… எடுக்கிறாங்க. ஞாயித்துக்… கிழமை… விடி… யக்… காலை… வேன். உன்… முது… முதுகு… வலி… எனக்குத்… தெரியும். நீ… இனி… தைக்க… வேணாம்." கிழவி நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அப்பா… போன… வழியில… நானும்… போறேன்னு… எனக்கு… பய… பயமா… இருக்கு. அதுக்கு மேல இருக்கறது எனக்கு வரலம்மா. ஒரே காலா இருக்கு. நாளைக்குப் பாத்துக்கிறேன்."

"மேல வாசி" என்றாள் தாவ்ரி போனைப் பார்த்து, வாய்விட்டு. அது பதிவாகி முடிந்த குரல் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவே இல்லை.

மூன்றாவதாக வந்தது மியாலியா. குழுவில் இருப்பதிலேயே சின்னவள், நூல் வெட்டுகிறவள். அவள்தான் கடைசி வரைக்கும் போனாள். நன்றாகவே வாசித்தாள், காகிதம் போன பிறகு இந்தப் பெண் உண்மையிலேயே படித்திருக்கிறாள்.

"நீ வேணாம்னு… சொன்னா… நான் போக… மாட்டேன்மா. வேலைக்குக்… கூட்டிட்டுப் போற… சாரி அக்காகிட்டயும்… அப்படித்தான்… சொல்லி… யிருக்கேன். எங்கம்மா… விட மாட்டாங்கன்னு. நீ… வேணாம்னு… சொல்லிடும்மா. வாயால… சித்தி முன்னாடி… சொல்ல முடியல. அதான்… எழுதறேன்."

வாசித்து முடித்துவிட்டு மியாலியா ஆவலாகக் கேட்டாள். "தாவ்ரி அக்கா, இது நண்டு பாடம் மாதிரி இல்ல, கதையால்ல இருக்கு. அப்புறம் அந்தப் பொண்ணு போனாளா? அம்மாக்காரி என்ன சொன்னா? அடுத்த பாடத்துல வருமா?"

தாவ்ரி மகளைக் கூப்பிட்டாள். பதிவுக் குரல். மறுபடி. பதிவுக் குரல். எந்த எல்லை என்று தெரியாது, எந்த வேன் என்று தெரியாது, சாரி யார் என்று தெரியாது. வேன் கிளம்பி எத்தனையோ நேரம் ஆகியிருக்கும். தடுத்துவிடு என்று கெஞ்சின பிள்ளையிடம், நீ எழுதினபடியே செய் என்று சொன்ன வாய் அவளுடையது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

போன் மறுபடி மினுங்கியது. கிம்லெங் டீச்சர். வழக்கம்போல் முதலில் ஒரு பூ, பிறகு குரல்.

"எல்லாரும் கலக்கிட்டீங்க. பல்லா அக்கா, அவசரப்படாம இருந்தா நீங்க இன்னும் நல்லா வாசிப்பீங்க. சொபோர்ன் பாட்டிக்குக் கால் எழுத்தெல்லாம் வந்துருச்சு, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தாவ்ரி அக்கா, நான் குடுத்த பாடத்த விட்டுட்டு நீங்களே தேடிப் புதுசா ஒண்ணு போட்டிருக்கீங்க. நான் இல்லாட்டியும் இந்த வகுப்பு நடக்கும்னு இன்னைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. இப்ப நீங்க வாசிங்கக்கா. எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

தாவ்ரி பொத்தானை அழுத்தினாள். விரல் ஈரமாக இருந்ததால் இரண்டு தடவை வழுக்கியது.

"டீச்சர்" என்றாள். "எனக்கு வாசிக்கத் தெரியாது. என்னைக்குமே தெரியாது. அது பாடம் இல்ல. எம் பொண்ணு எனக்கு எழுதினது. நேத்தே எழுதிட்டா. நான் 'போ'ன்னு சொல்லிட்டேன்."

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது பேசிப் பதிவு செய்யும்போது மேலே ஒரு சின்னக் குறி துடிக்கும். அது துடித்தது, நின்றது. வேறொருத்தி பெயரில் துடித்தது, நின்றது. எல்லோரும் பொத்தானை அழுத்துகிறார்கள், எதுவும் சொல்ல வராமல் விட்டுவிடுகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் மறுபடி மகளின் எண்ணைப் போட்டாள். அதே பதிவுக் குரல்தான்.

கடைசியில் பல்லாவிடமிருந்து ஒன்று வந்து சேர்ந்தது. தாவ்ரி அதைத் தொட்டுக் காதில் வைத்தாள். அதில் மீன்காரிகள் விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரோ பக்கத்தில் மூச்சு வாங்கினார்கள். வேறு ஒன்றும் இல்லை.